கேப்டனின் ரப்பர் கயிறு

டைல்ஸ் கடை வைத்திருக்கும் ஒரு மனிதர் சின்னதாக ஒரு மோட்டார் படகு வாங்கிவிட்டால் அவருக்குக் கேப்டன் என்று பெயர் வந்துவிடுமா? சின்னவளின் அத்தானுக்கு வந்துவிட்டது. படகுச் சங்கத்தில் எல்லோரும் தன்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவரே வீட்டில் வந்து சொன்னார். வீட்டில் இருந்தவர்கள் கிண்டலுக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். கிண்டல் என்பது உறைக்கிற ஆள் இல்லை அவர். "என்ன கேப்டன், சௌக்கியமா?" என்று கேட்டால் நெஞ்சு இரண்டு அங்குலம் முன்னால் வரும்.

சின்னவளுக்கு அவரைக் கண்டால் ஆகாது. அவள் மருந்துக்கடை நடத்துபவள். ஃபோனில் எதையோ படித்துவிட்டு வந்து, தனக்கு என்ன வியாதி, அதற்கு என்ன மாத்திரை என்று அவளுக்கே பாடம் எடுக்கிற ஆசாமிகளோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுபவள். விடுமுறை நாளிலும் அதே ரகத்து ஆள் ஒருவரோடு ஏரியில் மிதக்க வேண்டும் என்பது அவள் தலையெழுத்து இல்லை. அக்காதான் கூப்பிட்டாள். "நீ வந்தா எனக்குப் பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் இருக்கும்" என்றாள். சின்னவளும் மறுக்கவில்லை. அத்தானோடு ஒரு நாள் கழித்தால் ஒரு மாதத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க விஷயம் கிடைக்கும் என்பதும் ஒரு காரணம்.

இந்த முறை விஷயம் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. கேப்டன் புதிதாக ஒரு நங்கூரக் கயிறு வாங்கியிருந்தார். வெளியே நெய்த உறை, உள்ளே ரப்பர் இழைகள். இழுத்தால் மூன்று மடங்கு, நான்கு மடங்கு நீளும், விட்டால் சுருங்கும். இவ்வளவுதான். இதை அவர் காரில் ஏறியதிலிருந்து விளக்கிக்கொண்டு வந்தார்.

"சாதாரணக் கயிறுன்னா என்ன ஆகும்? படகைக் கரையில கொண்டுபோய் நிறுத்துனா அலை தூக்கித் தூக்கிப் போடும். அடியில கல்லு உரசும். சரின்னு தள்ளி நங்கூரம் போட்டா, இடுப்பளவு தண்ணியில நடந்து வரணும். இதுல ரெண்டு தொல்லையும் கிடையாது. ஆழத்துல நங்கூரத்தைப் போடுறோம். அதுல இந்தக் கயிறு. இன்னொரு முனை படகோட பின்பக்கம். அப்படியே மெதுவா கரைக்கு ஓட்டுறோம், கயிறு நீளுது. காலு நனையாம இறங்குறோம். விட்டதும் படகு தானா ஆழத்துக்குப் போய் நின்னுக்கும். திரும்ப வேணும்னா முன்பக்கத்துல கட்டியிருக்கிற சாதாரணக் கயிறைப் பிடிச்சு இழுத்தா வந்துடும். நாய்க்குட்டி மாதிரி."

"பிரமாதம்ணே" என்றான் சின்னவளின் கணவன். அவன் யார் எதைச் சொன்னாலும் பிரமாதம் என்பான். பத்திரிகை ஆபீசில் பிழை திருத்துகிற வேலை. தாளில் இருக்கும் தப்பைத் தவிர வேறு எந்தத் தப்பையும் அவன் வாழ்நாளில் சுட்டிக்காட்டியதில்லை.

பெரியவள் முன் சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியை. கடைசி பெஞ்சில் இருக்கும் காலிப்பயல்கூட அவள் வகுப்பில் கப்சிப் என்று இருப்பானாம். அந்த வாத்தியாரம்மா வீட்டு வாசலைத் தாண்டியதும் எங்கே போய் ஒளிந்துகொள்கிறாள் என்பதுதான் சின்னவளுக்குப் புரியாத சங்கதி. அத்தான் ஒன்று சொல்வார், அக்கா தலையாட்டுவாள். அத்தானைப் பார்த்தால் சின்னவளுக்கு எரிச்சல் வரும். அக்காவைப் பார்த்தால் வருவது அதைவிட மோசம். முதுகெலும்பில்லாத ஜென்மம் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள்.

படகுத்துறையில் கேப்டன் எல்லோருடைய ஃபோனையும் வாங்கி, தண்ணீர் புகாத பை ஒன்றில் போட்டு இறுக்கிக் கட்டினார். "ஏரின்னாலும் விதி விதிதான்." எஞ்சின் சாவியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார். வெள்ளைத் தொப்பி வைத்துக்கொண்டார். மிதவைச் சட்டை போடும்போது பக்கிள் எது எதில் மாட்டும் என்று தெரியாமல் சற்று நேரம் முழித்தார். பெரியவள்தான் மாட்டிவிட்டாள்.

படகு நடு ஏரியில் போய்க்கொண்டிருந்தது. வெயில் இதமாக இருந்தது. கயிற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லாமல் போன ஒரு நிமிஷத்தில் கேப்டனுக்கு வேறொன்று ஞாபகம் வந்தது.

"ஆங், சொல்ல மறந்துட்டேன். நேத்து உங்க தாளாளர் அம்மா ஃபோன் பண்ணாங்க. நீ குளிச்சிக்கிட்டு இருந்தே. நானே பேசிட்டேன்."

பெரியவள் திரும்பினாள். "என்ன சொன்னாங்க?"

"உன்னைத் தலைமையாசிரியையா போடலாம்னு கமிட்டியில பேசியிருக்காங்களாம். சம்மதமான்னு கேட்டாங்க. வேண்டாம்னுட்டேன்."



"வேண்டாம்னுட்டீங்களா?"

"பின்ன? உனக்கு எதுக்கு அந்தத் தலைவலி? நாளைக்கு ஒரு பிரச்சினைன்னா நீ வந்து என்கிட்டத்தான் மூக்கைச் சிந்துவே. அவளுக்குப் பாடம் நடத்த வரும், நிர்வாகமெல்லாம் வராதும்மான்னு பக்குவமா எடுத்துச் சொன்னேன். அவங்களும் புரிஞ்சுக்கிட்டாங்க. நல்ல பொம்பளை."

சின்னவளுக்கு முதலில் தூக்கிவாரிப்போட்டது. அடுத்த கணம் வழக்கமான சிரிப்பு வந்தது. இதைவிட நல்ல விஷயம் இந்த மாதம் கிடைக்காது. சிரிப்பை மறைக்கத் தண்ணீரைப் பார்த்தாள். அக்கா இதையும் முழுங்கிவிடுவாள், அதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது என்று நினைத்தாள். அவள் கணவன் மிதவைச் சட்டையின் மேல் அச்சடித்திருந்த எச்சரிக்கையை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான்.

பெரியவள் கையில் உரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சுப்பழத்தை மிச்சமும் உரித்தாள். யாருக்கும் கொடுக்காமல் தானே தின்றாள்.

கரைக்குக் கொஞ்சம் முன்னால் கேப்டன் எஞ்சினைத் தணித்து நங்கூரத்தைப் பின்பக்கம் போட்டார். ஆரஞ்சுக் கயிறு அதோடு இறங்கியது. படகை மெல்ல மணல்திட்டை நோக்கி ஓட்டினார். கயிறு விறைத்து நீண்டது. முன்மூக்கு மணலைத் தொட்டது. இதுவரைக்கும் எல்லாம் சரியாகவே நடந்தது என்பதை வேண்டாவெறுப்பாகத்தான் என்றாலும் சின்னவள் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

கேப்டன் எஞ்சினை நிறுத்தியதும் எல்லோரும் மிதவைச் சட்டைகளைக் கழற்றிப் படகிலேயே போட்டார்கள். அவர் முதலில் குதித்தார். படகின் முன் கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டார். சின்னவளும் கணவனும் பாயையும் குடையையும் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். கரையில் ஒரு தூண்டில்காரர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து இவர்களை ஏற இறங்கப் பார்த்தார். இவர்கள் வந்ததில் அவருக்குச் சந்தோஷமில்லை என்பது நன்றாகத் தெரிந்தது. கேப்டனோ பார்க்க ஒரு ஆள் கிடைத்ததில் குளிர்ந்துபோனார்.

பெரியவள் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"நீ இரு, இறங்காத" என்றார் கேப்டன். "காலிப் படகை யார் வேணா இழுத்துடலாம். உள்ள ஆள் இருந்தாலும் இந்தக் கயிறு இழுக்கும். அதைக் காட்டுறேன். நீ முன்னாடி உக்காரு. அந்த முன்பக்கத்துக் கயிறைக் கையில வெச்சுக்கோ. நான் விட்டதும் பின்னாடி போவே. போடுன்னு சொன்னதும் முனையை என்கிட்ட வீசு. நான் இழுத்துக்கிறேன். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது" என்றாள் பெரியவள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சார், இங்க பாருங்க" என்று தூண்டில்காரரைக் கூப்பிட்டுவிட்டுக் கேப்டன் கையை எடுத்தார்.

ரப்பர் கயிறு வேலையை ஒழுங்காகச் செய்தது. படகு சத்தமில்லாமல் பின்னால் நழுவியது. மணலை விட்டது, கண்ணாடி மாதிரி இருந்த ஆழமில்லாத தண்ணீரைத் தாண்டியது, கரும்பச்சையாக இருந்த ஆழத்தில் போய் நின்றது. கூப்பிட்டால் காதில் விழுகிற தூரம். கை நீட்டினால் எட்டாத தூரம்.

"பாத்தீங்களா?" என்று எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார் கேப்டன். "இப்போ போடு."

பெரியவள் போடவில்லை.

"போடுன்னேன்."

பெரியவள் கயிற்றைச் சுருட்டிக் காலடியில் வைத்தாள். ஃபோன் பையைத் தேடி எடுத்து முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே துழாவித் தன் ஃபோனை எடுத்தாள்.

"என்ன பண்றா இவ?" என்றார் கேப்டன். அவருடைய சகலை பதில் தெரியாததால் குடையை விரித்தான்.

தண்ணீருக்கு மேல் குரல் அப்படியே வரும். அதிலும் பெரியவளுடையது வகுப்பறைக் குரல்.

"வணக்கம் மேடம். லீவு நாள்ல தொந்தரவு பண்றேன், மன்னிக்கணும். நேத்து வீட்டுக்காரர்கிட்ட பேசுனீங்களாமே. அது அவரோட அபிப்பிராயம். என்னை யாரும் கேக்கல. எனக்கு விஷயமே இப்போதான் தெரியும்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் மாறியது. "அப்படியா. எப்போ முடிவு பண்ணீங்க? ... சரி மேடம். ... இல்ல, எனக்கு நிச்சயமா சம்மதம். ... இப்பவா? இப்போ ஒரு படகுல இருக்கேன். தனியாத்தான்."

பேச்சை முடித்து ஃபோனை இறக்கினாள். கரையைப் பார்த்துச் சொன்னாள், தேர்வு முடிவு வாசிக்கிற தொனியில்: "நீங்க வேண்டாம்னு சொன்னதும் கணக்கு வாத்தியாருக்குக் கொடுக்கலாம்னு முடிவு பண்ணியிருக்காங்க. இன்னும் அவர்கிட்ட சொல்லல. இப்போ நான் ஒண்ணு சொல்றேன், நீங்க ஒண்ணு சொன்னீங்க, எதை நம்புறதுன்னு கேக்குறாங்க. கேக்க மாட்டாங்களா?"

"சரி, விடு. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"நீங்களே அவங்ககிட்ட சொல்லுங்க. நீங்க சொன்னது பொய்னு."

"என்னது?"

"இங்கிருந்தே சொல்லலாம். நான் ஸ்பீக்கர்ல போடுறேன். கொஞ்சம் சத்தமா பேசணும், அவ்வளவுதான்."

கேப்டன் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு சிரித்துப் பார்த்தார். சகலையைப் பார்த்துக் கண்ணடித்தார். "சாவி என்கிட்ட இருக்கு. எங்க போயிடுவா?" என்றார். அவள் எங்கும் போக வேண்டியதில்லை, இருக்கிற இடத்தில் இருந்தாலே போதும் என்பது அந்த மண்டையில் ஏற நேரம் பிடித்தது. பெரியவள் பெட்டியைத் திறந்து ரொட்டியை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் ஏறியது.

கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். முட்டி, தொடை, இடுப்பு என்று போனார். அதற்குமேல் தரை சரிந்தது. ஒரு கால் வழுக்கியதும் இரண்டு கையாலும் காற்றைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பினார்.

"நீச்சல் தெரியும்ல அத்தான்?" என்றாள் சின்னவள்.

"தெரியாம என்ன? சாப்பிட்டதும் நீந்தக் கூடாது."

சாப்பாடு படகில் இருந்தது. கரையில் இருந்த யாரும் காலையிலிருந்து ஒரு கவளம் சாப்பிட்டிருக்கவில்லை.

"நான் வேணா போய்..." என்று சின்னவளின் கணவன் ஆரம்பித்தான். அவனுக்கு நன்றாகவே நீந்த வரும். சின்னவள் ஒரு பார்வை பார்த்தாள். அவன் பாயில் உட்கார்ந்தான்.

கேப்டன் கரையில் மேலும் கீழுமாக நடந்தார். கெஞ்சினார், மிரட்டினார். வெளியில் வந்து மானத்தை வாங்குகிறாளே என்றார். தான் அவளுக்காக எவ்வளவு செய்திருக்கிறேன் என்று சகலையிடம் பட்டியல் போட்டார். அதில் இரண்டாவதாகவே வீட்டுக் குளியலறைக்குப் போட்ட டைல்ஸ் வந்துவிட்டது. மீன் ஓடிவிடும், கொஞ்சம் மெதுவாகப் பேசினால் நல்லது என்றார் தூண்டில்காரர்.

சின்னவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இத்தனை வருஷம் அக்காவைப் பற்றி நினைத்ததையெல்லாம் ஒரே வீச்சில் மறந்துவிட்டு, வாயின் இருபக்கமும் கையைக் குவித்துக் கூவினாள்: "அக்கா, விடாத. நான் இருக்கேன்."

 பெரியவள் வாயிலிருந்ததை மென்று முழுங்கினாள்.

"நீ சும்மா இரு" என்றாள். "நீயும்தான் இந்தப் படகுல இருந்தே. அவர் சொன்னப்போ தண்ணியைப் பாத்துச் சிரிச்சே. உனக்கு இது வேடிக்கை. எப்பவுமே உனக்கு வேடிக்கைதான். ஒரு தடவையாவது, ஏன் அத்தான் அப்படிப் பண்ணீங்கன்னு கேட்டிருக்கியா?"

சின்னவளுடைய கை வாயருகிலேயே நின்றது.  அவள் கேட்டதில்லை என்பது உண்மை. வீட்டுக்குப் போகிற வழியில் கணவனிடம் அத்தான் மாதிரியே பேசிக் காட்டுவாள், அத்தோடு சரி.  கையை இறக்கிக்கொண்டு, மணலில் செருப்பை ஒழுங்காகச் சேர்த்து வைத்தாள், யாரும் கேட்காமலே.

இப்படியே எவ்வளவு நேரம் போயிருக்குமோ, அப்போதுதான் ஏரியின் வளைவில் இன்னொரு படகு தெரிந்தது. பெரிய படகு, மேலே நீலத் துணிக்கூரை. படகுச் சங்கத்துச் செயலாளருடையது. உள்ளே ஏழெட்டுப் பேர். நேராக இந்த மணல்திட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

கேப்டன் அதைப் பார்த்தார். தன் நனைந்த கால்சட்டையைப் பார்த்தார். நடுத்தண்ணீரில் தன் படகில் உட்கார்ந்து வேகவைத்த முட்டையை உரித்துக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தார். அந்தச் சங்கத்தில் அவர் எவ்வளவு அளந்துவைத்திருந்தாரோ, முகம் வெளுத்துவிட்டது. பெண்டாட்டியிடம் தோற்பதா, செயலாளர் முன்னால் அசடு வழிவதா என்று வந்தபோது அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"சரி, போடு, போடு. ஸ்பீக்கர்ல போடு. சீக்கிரம்."

பெரியவள் அவசரப்படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எண்ணை அழுத்தினாள். ஃபோனைக் கரையைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தாள்.

"மேடம், அவர் பேசுறார்."

"வணக்கம்மா" என்றார் கேப்டன்.

"கேக்கல" என்றாள் பெரியவள்.

"வணக்கம்மா. நேத்து நான் சொன்னது வந்து, ஒரு சின்னத் தவறான புரிதல்..."

"புரிதல் இல்ல."

நீலக் கூரைப் படகு நெருங்கிக்கொண்டிருந்தது. கேப்டன் கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் அவளைக் கேக்காமலே சொல்லிட்டேன்மா. அவளுக்கு நிர்வாகம் வராதுன்னு சொன்னது பொய். அவளுக்கு வரும். நல்லா வரும். எனக்குத்தான் அவ வேலை வேலைன்னு போயிட்டா வீட்டை யார் பாக்குறதுன்னு..."

அந்தக் கடைசி வாக்கியத்தை யாரும் சொல்லச் சொல்லவில்லை. அதுவாக வந்துவிட்டது. சரியாக அந்த நேரத்தில்தான் செயலாளர் எஞ்சினை நிறுத்தினார். "அவ வேலை வேலைன்னு போயிட்டா" என்பது ஏரி முழுக்கத் தெளிவாகக் கேட்டது. படகிலிருந்த ஏழெட்டுப் பேரும் கேப்டனையும், அவர் யாரைப் பார்த்துக் கத்துகிறாரோ அந்தப் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தார்கள். தூண்டில்காரர் தூண்டிலை ஒரேயடியாகச் சுருட்டிவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

ஃபோனிலிருந்து ஒரு பெண் குரல் ஏதோ சொன்னது. கரைக்குக் கேட்கவில்லை. பெரியவள் மட்டும் கேட்டாள், தலையாட்டினாள், "நன்றி மேடம், திங்கக்கிழமை வந்து பாக்குறேன்" என்றாள்.

பிறகு கயிற்றை எடுத்து எழுந்து நின்றாள். கேப்டன் இரண்டு கையையும் நீட்டினார். கயிறு அவரைத் தாண்டிப் போய்ச் சின்னவளின் காலடியில் விழுந்தது.

சின்னவள் இழுத்தாள். அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. படகு வர வரப் பின்னாலிருந்து அந்த ரப்பர் தன் பக்கம் இழுத்தது. பாதியில் கை சோர்ந்தபோது, அவள் கணவன் சொல்லாமலே எழுந்து வந்து கூடப் பிடித்தான். பெரியவள் இறங்கும்போது சின்னவள் கை கொடுத்தாள்.  பெட்டியில் மூன்று பேருக்கான சாப்பாடு அப்படியே இருந்தது. பெரியவள் எல்லோருக்கும் எடுத்து வைத்தாள், கேப்டனுக்கும். அவர் பசியில்லை என்றார். பிறகு சாப்பிட்டார்.

கமிட்டியில் இரண்டு பேர் இழுத்தடித்தார்கள். வீட்டில் இப்படிக் குழப்பம் உள்ளவர் பள்ளிக்கூடத்தை எப்படி நடத்துவார் என்று ஒருவர் கேட்டாராம். கணக்கு வாத்தியார் தனக்குச் சேதி எட்டியதும் முறுக்கிக்கொண்டார். கடைசியில் ஒரு வருஷம் பார்க்கலாம் என்ற அளவில் பெரியவளுக்கே கிடைத்தது. அவள் அதைக் கொண்டாடவில்லை. மறுநாளே ஆய்வகத்தில் உடைந்து கிடந்த குழாய்களை மாற்றச் சொல்லி ஆரம்பித்துவிட்டாள்.

சில மாதம் கழித்து ஒரு சொந்தக்காரர் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். பெரியவள் வரவில்லை; பள்ளியில் ஆய்வாளர்கள் வரும் வாரம். கூடத்தில் கேப்டன் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். யாரோ பெரியவளைப் பற்றி விசாரித்தார்கள்.

"அவ எங்க ஒத்துக்கிட்டா?" என்றார் கேப்டன். "பயந்தாங்கொள்ளி. நான்தான் ஒரு நாள் படகுல கூட்டிட்டுப் போய், நடு ஏரியில தனியா விட்டு, ஃபோனைக் கையில கொடுத்து, இப்போ பேசுன்னு சொன்னேன். தைரியம் வரவழைக்க அதுவும் ஒரு டெக்னிக்."

கேட்டவர்கள் ஆகா என்றார்கள். சின்னவளுக்கு உதட்டோரம் அந்தப் பழைய சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் பேசிக் காட்ட வேண்டிய வாக்கியம்கூட மனசுக்குள் தயாராகிவிட்டது.

"அத்தான்" என்றாள். "ஏன் பொய் சொல்றீங்க? நான் அங்க இருந்தேன்."

 கேப்டன் அவளைப் பார்த்தார், பிறகு ஒத்தாசைக்குச் சகலையைப் பார்த்தார். சின்னவளின் கணவன் தட்டை மெல்லக் கீழே வைத்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"நானும்தான் இருந்தேன்ணே" என்றான்.